செடிக் கூடாரமும் ஹீட்டரும் வேலை செய்யாதது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பெரிய சைஸ் செடிக் கூடாரம், ஹீட்டர், தெர்மோஸ்டாட் பெட்டி – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். உங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டை ஷோரூமில் கார்த்திகை மாதம் வாங்கிய மேற்படி பொருட்கள் பற்றி எழுதுகிறேன். போனில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், புதிதாக ஒரு புகார் எண் தருகிறார், நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தங்கை ஊட்டியில் தலைகுந்தா பக்கம் குடியிருக்கிறாள். எங்கள் கல்லிடைக்குறிச்சி வீட்டை விற்றபோது அம்மா வைத்திருந்த கறிவேப்பிலை, குண்டுமல்லி, அடுக்குச் செம்பருத்தி மூன்றையும் தொட்டியில் மாற்றி அவள்தான் கொண்டுபோனாள். ஆற்றங்கரை வெக்கையில் வளர்ந்த செடிகள் அவை. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே வளர்ச்சி நின்று இலை கொட்ட ஆரம்பித்துவிடும். உறைபனி நேராகப் பட்டால் கதை முடிந்தது. இத்தனை வருஷமும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்துத்தான் காப்பாற்றினாள். லண்டனிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற நம்மவர்கள்கூட கறிவேப்பிலையை அப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். தொட்டி பெரிதாகி வாசலில் நுழையாமல் போனதால் உங்கள் கூடாரத்தைத் தேடி வந்தோம். "ஊட்டி, கொடைக்கானலுக்கெல்லாம் இதுதான் போகுது" என்று சொல்லி விற்றது உங்கள் ஆள்தான்.

பச்சை விளக்கு எரிகிறது, ஹீட்டர் சூடாகவில்லை. குறை இவ்வளவுதான். உங்கள் தெர்மோஸ்டாட் பெட்டியில் 12 டிகிரி என்று வைத்தால் அதற்குக் கீழே குளிர் இறங்கும்போது தானாக ஓட வேண்டும் அல்லவா? என் தங்கை கூடாரத்துக்குள் ஒரு தெர்மாமீட்டரும் வெளியே ஒன்றும் மாட்டிப் பார்த்தாள். விடிகாலையில் இரண்டும் ஒரே அளவைக் காட்டின. வோல்டேஜ் குறைவாக இருந்திருக்கும் என்றார் ஒருவர். அதே லைனில் கீசர் ஒழுங்காக ஓடுகிறதே, உங்கள் ஹீட்டருக்கு மட்டும் தனி வோல்டேஜா?

இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். பேசிய பையன் என் விலாசத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "பாளையங்கோட்டையில குளிரா மேடம்? அங்க ஏசிதானே வேணும், எதுக்கு ஹீட்டர்?" ஊட்டியில் இருக்கிறது என்று விளக்கினேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லி மறுபடியும் சிரிப்பு. அப்புறம் சொன்னார், "செடிதானே மேடம், வேற வாங்கிக்கலாமே." அம்மா கையால் வைத்த செடியை எந்த நர்சரியில் வாங்குவது? அந்த அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று உங்கள் மெஷினே சொன்னது. தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

மதுரைப் பயணத்தை இன்னும் சொல்லவில்லை. ஹீட்டரையும் பெட்டியையும் தங்கை பஸ் பார்சலில் எனக்கு அனுப்பினாள். வண்ணார்பேட்டையில் கொண்டுபோய்க் கொடுத்தால் இங்கே சர்வீஸ் இல்லை, மதுரைக்குப் போங்கள் என்றார்கள். மதுரைக்குப் போன் செய்து கேட்டதற்கும் வரச் சொன்னார்கள். முட்டி வலியோடு அதைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோவுக்கு அழுது, போய்ச் சேர்ந்தால் கவுண்டரில் இருந்தவர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பொருளைப் பயன்படுத்துவது ஊட்டி பின்கோடு, அது கோவைக் கிளைக்குச் சேர்ந்தது என்றார். கோவைக்குப் போன் செய்தால், பில் திருநெல்வேலியில் போட்டது, அங்கேயே பாருங்கள் என்கிறார்கள். உட்கார ஒரு நாற்காலி, ஒரு வாய் தண்ணீர்கூட அந்த மதுரைக் கவுண்டரில் கிடையாது. உங்கள் கம்பெனியில் யாராவது ஒருவர் இந்தச் சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் கையேடு பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்காலத்திலும் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. யார் எழுதியது இதை? வேர் குளிர்ந்து செடி உறங்கும் காலத்தில் மண் காய்ந்தபிறகு கொஞ்சமாக ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகும். உரமும் அப்போது கூடாது. அம்மாவிடம் செடி வளர்க்கக் கற்ற எங்களுக்கு இது தெரியும், என் தங்கை உங்கள் கையேட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள். வேறு யாராவது நம்பி ஊற்றியிருந்தால்? கூடாரத்தில் காற்றுப் போக ஒரு திறப்பும் இல்லை. வானம் தெளிந்து காற்று அசையாத ராத்திரியில்தான் உறைபனி விழும், மறுநாள் பெரும்பாலும் நல்ல வெயில் அடிக்கும். பகலில் உள்ளே புழுக்கம், ராத்திரியில் விறைப்பு. ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமே அவளுக்கு வேலையாகிவிட்டது.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மிலார் என்ற புதர்ச்செடியின் கிளைகளை வைத்துப் பூச்செடிகளை மூடுகிறார்கள். காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். அதற்கு பில்லும் இல்லை, வாரண்டியும் இல்லை, செடி பிழைக்கிறது. எங்கள் வீட்டிலும் பிழைத்தது கல்வாழை மட்டும்தான். கிழங்கைத் தோண்டிக் காய்ந்த மணலில் புதைத்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தாள். உங்கள் கூடாரத்துக்குள் வைக்காததால் பிழைத்தது! மல்லி கருகிவிட்டது, செம்பருத்தி அடித்தண்டு வரை கறுத்துவிட்டது, கறிவேப்பிலையில் சுரண்டிப் பார்த்தால் பச்சையே இல்லை. ஒரு லட்சம் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது. ஒரு குடும்பத்தின் சொத்தையே அழித்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

உங்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கமில்லை. மரியாதையாகவே கேட்கிறேன். பொருளின் முழு விலை, பார்சல் செலவு, மதுரை போய்வந்த செலவு, செடிகளுக்கு நியாயமான ஈடு, அந்தப் பையனிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பு. இவை 15 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்வேன், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கோவையா மதுரையா என்ற உங்கள் எல்லைத் தகராறு அங்கே செல்லாது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் நானே நின்று பேசுவேன்.

பில், வாரண்டி அட்டை நகல்களும் இரண்டு தெர்மாமீட்டர் படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாடிக்கையாளர்

பி.கு.: ஹீட்டரும் பெட்டியும் என் வீட்டு நடையில் இருக்கின்றன. வேண்டுமென்றால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இனி அதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கும் வருவதாக இல்லை.