இருபது வருஷம் கழித்து வரும் ஷான்டே

19 நவம்பர் 2023

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. நீ கேள்விப்பட்டது நிஜம்தான். ‘ஷான்டே அட்வான்ஸ்: ரிஸ்கி ரெவல்யூஷன்’ என்ற வீடியோ கேம் வரப்போகிறது, அதுவும் நின்டெண்டோவின் பழைய கைமெஷினான கேம் பாய் அட்வான்ஸுக்குப் போடும் காட்ரிட்ஜாகவே. ஜூலையில் அறிவித்தார்கள், அடுத்த வருஷம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேஃபார்வர்டு நிறுவனம் முதல் ஷான்டே ஆட்டத்துக்குப் பிறகு ஆரம்பித்து, வெளியிட ஆள் கிடைக்காமல் பாதியில் விட்ட அதே ஆட்டம். தேதி தள்ளிப்போனாலும் வருத்தப்படமாட்டேன். இருபது வருஷம் கிடப்பில் கிடந்தது வெளியே வருவதே பெரிய விஷயம்.

எந்த மெஷின் வாங்கலாம், கதாபாத்திரங்களைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: திரையில்.

முதல் ஷான்டேயை எடுத்துக்கொள். ஜூன் 2002-ல் காப்காம் வெளியிட்ட கேம் பாய் கலர் ஆட்டம். அப்போது கேம் பாய் அட்வான்ஸ் கடைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, அதனால் பழைய மெஷினுக்கு வந்த ஆட்டத்தை வாங்க ஆளில்லை. கலரின் திரை 160 பிக்சல் அகலம், 144 உயரம். நாயகி ஷான்டே நடுவில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள். அவளுக்கு முன்னால் தெரிவது 80 பிக்சல். வினாடிக்கு 120 பிக்சல் வேகத்தில் ஓடினால், திரை ஓரத்தில் தலைகாட்டும் எதிரி மூன்றில் இரண்டு பங்கு வினாடியில் மேலே மோதிவிடும். அவளுடைய ஆயுதமோ கூந்தல். சாட்டை மாதிரி வீசி அடிக்க வேண்டும், எட்டும் தூரம் கொஞ்சம்தான். அதனால்தான் அந்த ஆட்டத்தில் ஓடுகிறவன் அடிவாங்குவான், நின்று நின்று போகிறவன் பிழைப்பான். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் குதிக்க வேண்டிய இடங்களும் நிறைய. விமர்சனங்களில் அடிக்கடி வந்த குறையும் இதுதான். உருவங்களைப் பெரிதாக, அழகாக வரைந்ததற்குக் கொடுத்த விலை அது.

அட்வான்ஸின் திரை 240-க்கு 160. உயரம் 16 பிக்சல்தான் கூடியிருக்கிறது, அகலம் 80 கூடியிருக்கிறது. அதே வேகத்தில் ஓடினால் இப்போது ஒரு முழு வினாடி கிடைக்கும். கூந்தலை வீச அந்த மூன்றில் ஒரு பங்கு வினாடி தாராளம். ஆக அதே ஷான்டே இந்த மெஷினில் துணிந்து ஓடுகிற பெண்ணாகிவிடுவாள். கீழே குதிக்கும் இடங்களில் மட்டும் பழைய பயம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம் அடுக்கு. கேம் பாய் கலரில் பின்புலம் ஒன்றே ஒன்று. அதன் மேல் ஒட்டிவைக்கிற மாதிரி ஒரு ஜன்னல் உண்டு, அவ்வளவுதான். முதல் ஷான்டேயில் தூரத்து மலைகள் வேறு வேகத்தில் நகர்வதாகத் தெரிவதெல்லாம் கைவித்தை. அட்வான்ஸில் நான்கு பின்புல அடுக்குகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை ஒரு முன்னுரிமை எண். உருவங்களுக்கும் அதே எண் உண்டு. ஷான்டேயின் எண்ணை 1-லிருந்து 2-க்கு மாற்றினால் போதும், முன்பாதை அவளை மறைத்துக்கொள்ளும், பின்பாதையில் போய் நிற்பாள். இந்த ஆட்டத்தின் முக்கிய அம்சமாக அவர்கள் சொல்வதே இப்படி முன்னும் பின்னும் தாவுவதைத்தான். 2010-ல் நின்டெண்டோவின் டிஎஸ்ஐ மெஷினில் டவுன்லோடு செய்யும் டிஎஸ்ஐவேர் ஆட்டமாக வந்த ‘ரிஸ்கிஸ் ரிவெஞ்ச்’ ஆட்டத்திலும் இந்தத் தாவல் இருந்தது நினைவிருக்கும். வேர் இங்கே இருந்திருக்கிறது.

நான்கு அடுக்கு என்றதும் நான்கு பாதை என்று எண்ணிவிடாதே. உயிர்க்கணக்கு காட்ட ஒரு அடுக்கு, வானத்துக்கு ஒன்று என்று ஒதுக்கினால் நடப்பதற்கு இரண்டுதான் மிஞ்சும். உயிர்க்கணக்கை உருவங்களாகவே வரைந்தால் மூன்று. அதற்கு மேல் இழுக்க முடியாது என்பது என் கணிப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரி எந்தப் பாதையில் நிற்கிறான் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், பின்பாதையைக் கொஞ்சம் வெளிறிய நிறத்தில் தீட்டுவார்கள். விளக்கில்லாத பழைய அட்வான்ஸ் திரையில் அந்த வெளிறலும் அசல் நிறமும் ஒன்றாகக் கலந்துவிடும். கூந்தலை வீசுவாய், எதிரி மேல் படாது, ஏன் படவில்லை என்று புரியாது. மெஷின் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

ஆகவே எஸ்பி வாங்கு, அதாவது மடக்கி வைக்கிற கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி. எஸ்பியிலும் இரண்டு வகை. ஏஜிஎஸ்-001-ல் விளக்கு திரைக்கு முன்னால், ஓரத்திலிருந்து அடிக்கும். நிறம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ஏஜிஎஸ்-101-ல் விளக்கு திரைக்குப் பின்னால், பளிச்சென்று இருக்கும். உனக்கு வேண்டியது 101. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதே. வெளிக்கூட்டை மாற்றி, 001-க்கு 101 ஸ்டிக்கர் ஒட்டி விற்பது சகஜம். மெஷினை ஆன் செய்து, திரைக்குக் கீழே இருக்கும் விளக்குப் பொத்தானை அழுத்து. விளக்கு முழுக்க அணைந்தால் 001. அணையாமல் கூடக் குறைய மட்டும் மாறினால் 101. புதுத்திரை மாற்றியதாகச் சொல்லி விற்றால் இந்தச் சோதனை செல்லாது. அப்போது ஒரு காட்ரிட்ஜைப் போட்டு நிறத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

அங்கேயே இன்னும் மூன்று விஷயம் பார். பேட்டரி மூடி புடைத்திருக்கிறதா? புடைத்திருந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கிறது. ஒரு திருகைக் கழற்றினால் மூடி வந்துவிடும், பேட்டரியை மாற்றாமல் சார்ஜ் போடவே கூடாது. கீல் அருகில் கீறல் இருக்கிறதா? அது நாளாக ஆக விரியும், பிறகு திரை நிற்காது. எல், ஆர் பொத்தான்களைப் பத்துப் பத்து முறை தட்டிப் பார். அடுக்குத் தாவலையோ, ஷான்டே உருவம் மாற ஆடும் நடனத்தையோ இந்த இரண்டு பொத்தானில் வைக்க வாய்ப்பு அதிகம். கலரில் இந்தத் தோள் பொத்தான்கள் இல்லாததால்தான் செலக்ட் அழுத்தி நடனத்தை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பொத்தான் விட்டு விட்டு வேலை செய்தால் பெரும்பாலும் உள்ளே அழுக்கு. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு இருபது முப்பது முறை அழுத்தினால் சரியாகும். ஹெட்போன் துளை எஸ்பியில் கிடையாது, அதற்குத் தனி இணைப்பான் வேண்டும்.

அட்வான்ஸுக்குப் பின்னால் வந்த டிஎஸ் லைட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எழுதியிருந்தாய். கிடைக்கும், ஆட்டமும் ஓடும். 256-க்கு 192 திரையில் நடுவில் உட்காரும். பக்கவாட்டில் 8, மேலும் கீழும் 16 பிக்சல் கறுப்பு விளிம்பு தெரியும், அது தொந்தரவில்லை. ஆனால் டிஎஸ் லைட்டில், மெஷின்களை ஒன்றோடொன்று இணைக்கும் லிங்க் கேபிளுக்குத் துளை இல்லை. இந்த ஆட்டத்தில் நான்கு பேர் மோதும் பேட்டில் மோடு இருக்கிறது; டிஎஸ்ஸில் அதை மறந்துவிட வேண்டியதுதான். கேம் பாய் கலர் காட்ரிட்ஜும் அதில் ஓடாது, ஆக முதல் ஷான்டேயும் போச்சு. கடைக்காரர் டிஎஸ்ஐயை எடுத்துக் கொடுத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றால் வாங்கிவிடாதே. டிஎஸ்ஐயில் அட்வான்ஸ் காட்ரிட்ஜ் போடும் துளையே கிடையாது.

கேபிள் வாங்கும்போதும் கவனம். கேம் பாய் கலர் கேபிள் அட்வான்ஸில் சொருகும், ஆனால் அட்வான்ஸ் ஆட்டத்துக்கு உதவாது. நடுவில் சின்னப் பெட்டி கோத்திருக்கும் கேபிள்தான் வேண்டும். நான்கு பேருக்கு மூன்று கேபிள். ஊதா பிளக் முதல் ஆட்டக்காரரின் மெஷினுக்கு, சாம்பல் பிளக் இரண்டாமவருக்கு. அடுத்த கேபிளின் ஊதா பிளக் முந்தைய கேபிளின் நடுப்பெட்டியில் போகும். இந்த வரிசை தப்பினால் நான்கு மெஷினும் சரியாகச் சேராது. 

முதல் ஷான்டேயின் அசல் காட்ரிட்ஜைத் தேடி அலையாதே. விலை அநியாயம், போலியும் ஏராளம். 2021-ல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த பதிப்பே போதும். அதில் கலர் முறை, அட்வான்ஸ் முறை இரண்டும் இருக்கிறது. அட்வான்ஸ் முறையையே தேர்ந்தெடு. அசல் காட்ரிட்ஜை அட்வான்ஸில் போட்டால் மட்டும் கிடைக்கிற, டிங்கர்பேட் உருவமாக மாறும் நடனம் அதில் வரும். அதையும் மீறி யாராவது பழைய காட்ரிட்ஜ் கொடுத்தால், சேமிப்பு பேட்டரி இத்தனை வருஷத்தில் தீர்ந்திருக்கலாம் என்று வைத்துக்கொள். 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளியால் திறந்து, பொத்தான் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில், தகடு பற்றவைத்தே வரும் பேட்டரியை வாங்கு. வெறும் பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். பழையதைக் கழற்றிய நொடியே சேமித்ததெல்லாம் போய்விடும் என்பதையும் கொடுத்தவரிடம் முன்பே சொல்லிவிடு. காட்ரிட்ஜை வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். பென்சில் ரப்பரும் வேண்டாம், தங்கப் பூச்சைத் தேய்த்துவிடும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும்.

இனி கதாபாத்திரங்கள். நீ ரோட்டிடாப்ஸ் கட்சி, எனக்குத் தெரியும். மூளையைத் தின்னக் கேட்கிற ஸாம்பிப் பெண், அண்ணன்கள் ஏப்னரும் போவும் கூட. நண்பியா, பகையா என்று தெரியாமல் பக்கத்தில் நிற்பதுதான் அவள் அழகு. ஆனால் இந்த முறை நான் கடற்கொள்ளைக்கார வில்லி ரிஸ்கி பூட்ஸ் பக்கம்.

அவளுடைய திட்டத்தைக் கவனித்தாயா? முதல் ஆட்டத்தில் ஷான்டேயின் மிமிக் மாமா கண்டெடுத்த நீராவி இயந்திரத்தைத் திருடினாள், அவ்வளவுதான். இந்த முறை கதை நடக்கும் சீக்வின் லேண்டின் நிலத்தையே அடியிலிருந்து சுழற்றி, ஷான்டே காக்கும் ஊரான ஸ்கட்டில் டவுனைத் தன் கப்பலுக்குப் பக்கத்தில் இழுத்துவரப் போகிறாள். கோட்டையைத் தேடிப் படை போவதற்குப் பதில், கோட்டையே படையிடம் வந்து சேரும். தனித்தனியாக நகரும் அடுக்குகள் கையில் இருக்கும்போது, நிலமே நகரும் கதையை யோசித்திருக்கிறார்கள். வில்லியின் புத்தியும் மெஷினின் வசதியும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்துவது அபூர்வம். நாமும் நிலத்தைத் திருப்பித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது ரிஸ்கியின் ஆயுதத்தையே ஷான்டே கையில் எடுக்கிறாள். அந்த இடம் சரியாக அமைந்துவிட்டால் தொடரிலேயே இதுதான் சிறந்த ஆட்டம் என்பேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. கதை வரிசையில் இது முதல் ஆட்டத்துக்கும் ‘ரிஸ்கிஸ் ரிவெஞ்ச்’சுக்கும் நடுவில் வருகிறது. முதல் ஆட்டத்தில் குரங்கு, யானை, சிலந்தி, ஹார்ப்பி (பறவைப்பெண்) என்று நான்கு உருவம் எடுத்தவள், ‘ரிவெஞ்ச்’ தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமல் நிற்கிறாள், குரங்கிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறாள். நடுவில் வரும் கதை அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நழுவினால் எனக்கு ஏமாற்றம்தான். நீ இதைப் பற்றி என்ன நினைக்கிறாய்?

இன்னொரு ஆசையும் உண்டு. முதல் ஆட்டத்தில் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப பொத்தானை அழுத்தினால்தான் உருவம் மாறும். தாளம் தப்பினால் மாறாது. ஜேக் காஃப்மனின் இசையை ஆட்டக்காரர்கள் உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்டது அதனால்தான். ‘ரிவெஞ்ச்’சில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சரியான நிலை வரும்போது விட்டால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். வேகமாக இருந்தது, ஆனால் அவள் ஆடுகிறாள் என்ற உணர்வே போய்விட்டது. புதியதில் தாளம் திரும்ப வர வேண்டும். ஷான்டேயின் நண்பர்கள் ஸ்கையும் போலோவும் வழிகாட்ட வந்துவிட்டுப் போகிற ஆட்களாக இல்லாமல், பேட்டில் மோடிலாவது இறங்கி மோதினால் இன்னும் நல்லது.

எஸ்பி பார்க்கப் போகும்போது விளக்குப் பொத்தான் சோதனையை மறக்காதே. உன் பழைய சாமான் பெட்டியில் இருக்கும் லிங்க் கேபிளின் நடுவில் சின்னப் பெட்டி இருக்கிறதா, பிளக் என்ன நிறம் என்று பார்த்து எழுது. இருந்தால் இன்னும் இரண்டு கேபிள்தான் தேட வேண்டும்.

அன்புடன்,
முரளி