ஆப்டோகப்ளர் வைத்தாலே ஐசொலேஷன் ஆகிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த எட்டு சேனல் லோ-சைடு அவுட்புட் மாட்யூல் (வால்வு போன்றவற்றை 0 வோல்ட் பக்கத்தில் ஸ்விட்ச் செய்து ஓட்டும் கார்டு) கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு சர்க்யூட்டைப் படம் போட்டுத் தமிழில் விளக்கியதே சந்தோஷம்தான், ஆனால் ஒரு இடம் உறுத்துகிறது. சேனலுக்கு ஒரு ஆப்டோகப்ளர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் பாகம்) இருக்கிறது, சரி. கன்ட்ரோலருக்கான 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால், வால்வுகளுக்குப் போகிற அதே 24 வோல்ட்டிலிருந்து சாதாரண பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) வழியாக வருகிறது. அப்படியென்றால் இரண்டு பக்கத்துக்கும் 0 வோல்ட் ஒன்றேதான், ஐசொலேஷன், அதாவது இரண்டு பக்கமும் மின் இணைப்பு இல்லாமல் பிரிந்திருப்பது, இல்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. கன்ட்ரோலருக்குத் தனி சப்ளை வேண்டும், இல்லையென்றால் ஐசொலேட்டட் டிசி-டிசி கன்வெர்ட்டராவது வேண்டும். பிசிபியிலும் ஆப்டோவின் வயிற்றுக்கு அடியில் காப்பர் வரக் கூடாது. கிரவுண்ட் ஃபில் (காலி இடத்தைக் காப்பரால் நிரப்புவது) கொடுத்தால் மென்பொருள் அந்த இடத்தையும் சத்தமில்லாமல் நிரப்பிவிடும்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு இயந்திரத்தில், வெளியே தள்ளிய சிலிண்டர் திரும்பி வராமல் அப்படியே நின்றுவிட்டது. புரோகிராமில் அவுட்புட் ஆஃப், கார்டில் எல்இடியும் ஆஃப். மாஸ்ஃபெட் (வால்வை ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருக்கும் என்று நினைத்து கார்டிலிருந்து கனெக்டரையே பிடுங்கிவிட்டேன். அப்போதும் வால்வு விடவில்லை! அரை நாள் தேடிய பிறகுதான், ஒரு கிளாம்ப்புக்கு அடியில், வால்விலிருந்து கார்டுக்கு வரும் வயரின் தோல் உரிந்து இயந்திரத்தின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. சப்ளையின் 0 வோல்ட் எர்த்தோடு சேர்ந்திருந்ததால், 24 வோல்ட்டிலிருந்து வால்வின் காயில் வழியாக வந்த கரன்ட் மாஸ்ஃபெட் பக்கமே போகாமல் உடம்பு வழியாகத் திரும்பிவிட்டது. ஓடியது வால்வின் வழக்கமான கரன்ட்தான் என்பதால் ஃபியூஸும் போகவில்லை. ஹை-சைடில், அதாவது 24 வோல்ட் பக்கத்தில் ஸ்விட்ச் செய்யும் முறையில், இதே காயம் பட்டிருந்தால் காயில் ஆன் ஆகியிருக்காது, ஆன் செய்யப் போனால் ஃபியூஸ் போயிருக்கும்.

லோ-சைடு வேண்டாம் என்று சொல்லவில்லை. என்-சேனல் மாஸ்ஃபெட் மலிவு, கேட்டை (அதைத் திறந்து மூடும் காலை) ஓட்டுவதும் சுலபம், விளக்குக்கும் சின்ன ரிலேவுக்கும் தாராளமாகப் போடலாம். தானாக ஆன் ஆனால் யாருடைய கையாவது மாட்டும் என்கிற இடத்தில் மட்டும் நான் போட மாட்டேன். அப்புறம், அந்த எல்இடியை ஆப்டோவின் இன்புட் பக்கம் வைத்தால் அது கன்ட்ரோலரின் கட்டளையைத்தான் காட்டும். 24 வோல்ட்டுக்கும் டிரெயினுக்கும் (மாஸ்ஃபெட்டில் காயில் வந்து சேரும் கால்) நடுவில் வைத்திருந்தால் அன்று வயர் உடம்பைத் தொட்டதுமே எரிந்திருக்கும், என் அரை நாளும் மிஞ்சியிருக்கும்.

அணைக்கும்போது எழும் வோல்ட்டேஜை அடக்கக் காயிலுக்குக் குறுக்கே வெறும் டையோடு போட்டால் வால்வு விடுவதற்கு நேரம் எடுக்கும், அதற்காகக் கட்டுரையாளர் தொடரில் 33 வோல்ட் ஜீனர் (குறிப்பிட்ட வோல்ட்டேஜில் பிடித்து நிறுத்தும் டையோடு) சேர்த்தது நல்ல யோசனை. ஆனால் 24 வோல்ட் என்று பெயர்தானே தவிர, தொழிற்சாலை கன்ட்ரோலர்களுக்கான ஐஇசி 61131-2 தரம் 30 வோல்ட் வரை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 30-உம் 33-உம் டையோடின் பங்கும் சேர்ந்தால் டிரெயினில் 64 வோல்ட் வரும், அங்கே 60 வோல்ட் மாஸ்ஃபெட் போதாது. 100 வோல்ட் போடலாம்.

கடைசியாக ஒரு கேள்வி. படத்தில் கேட்டிலிருந்து சோர்ஸுக்கு (மாஸ்ஃபெட்டின் 0 வோல்ட் பக்கத்துக் கால்) ரெசிஸ்டர் எதுவும் தெரியவில்லை. அச்சில் விட்டுப்போனதா, உண்மையிலேயே போடவில்லையா? ஆப்டோ அணைந்த பிறகு கேட்டில் தேங்கிய சார்ஜ் இறங்க வழி வேண்டுமே, இல்லையென்றால் மாஸ்ஃபெட் பாதி திறந்தபடி சூடேறும். படத்தைப் பார்த்து போர்டு செய்யக் கிளம்பியிருப்பவர்களுக்காக அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்