நாமா, நாங்களா?

வீட்டன், இல்லினாய்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். ஆச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் அம்மா "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி அடுத்த பேச்சுக்கு விடுவதில்லை. அப்பா போனை வாங்கினால் ரெண்டே நிமிஷத்தில் "சரி, வைக்கட்டா" என்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். போன வாரம் நீங்கள் கேட்டதற்கு எனக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "அங்க போயி வேதம் படிச்சா விசுவாசம் போயிரும்னு மாமா சொல்றாரே, அப்படியா?" என்று கேட்டீர்கள்.

முதலில் இந்தப் படிப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாரும் நான் சபை நடத்துகிற ஐயராகத் திரும்பி வருவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் வேதம் படிக்கப் போகிறவன் மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்குப் போவான், செராம்பூர் பட்டம் வாங்குவான், அங்கி போட்டுக்கொண்டு ஒரு சேகரத்துச் சபைகளைக் கவனிக்க வருவான். இங்கே அமெரிக்காவில், வீட்டன் கல்லூரியில் நான் படிப்பது வெறும் பி.ஏ. ஐயர் ஆக வேண்டுமென்றால் இதற்குப் பிறகு இன்னொரு மூன்று வருஷம் செமினரியில் படிக்க வேண்டும். அதே சமயம், என் அறைத்தோழன் இயற்பியல் படிக்கிறான், அவனுக்கும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவச் சிந்தனை என்று பாடங்கள் கட்டாயம். எனக்கோ அறிவியல் பாடம் கட்டாயம், நிலவியல் எடுத்திருக்கிறேன். இங்கே அறிவியல் கட்டிடத்தில் மாஸ்டோடான் என்கிற பழைய காலத்து யானையின் எலும்புக்கூடு நிற்கிறது. 1963இல் பக்கத்து ஊரான கிளென் எல்லினில் தோண்டி எடுத்தது. அதன் வயதை மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

கல்லூரி 1860இல் ஆரம்பித்தது. முதல் தலைவர் ஜோனதன் பிளாஞ்சர்ட் அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்தவர். தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை இங்கே ஒளித்துவைத்து வடக்கே அனுப்பியிருக்கிறார்கள். பெரிய சுவிசேஷகர் பில்லி கிரகாம் 1943இல் பட்டம் வாங்கியதும் இங்கேதான். அவர் படித்தது வேதாகமம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மானிடவியலாம்! திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் எல்லாரும் ஆராதனைக்குப் போக வேண்டும். குடி, சிகரெட் கூடாது. டான்ஸ் ஆடக்கூட 2003வரைக்கும் தடை இருந்தது. அம்மாவுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

வகுப்பை ஜெபத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் வசனத்தைப் பிரித்து மேய்கிறார்கள். முதல் செமஸ்டரில் ரூத் புஸ்தகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாலே அதிகாரம்தானே என்று, நீங்கள் அறுப்பின் பண்டிகைக்குப் பேசுகிற மாதிரி ஒரே ராத்திரியில் உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். "நல்ல பிரசங்கம். இதில் ரூத் எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார் ஆசிரியர். நாலு அதிகாரத்தையும் பத்துத் தடவை வாசித்துவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் எழுது, அர்த்தம் சொல்லாதே என்றார். ஏழாவது தடவைதான் கவனித்தேன், மருமகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்த நகோமி "கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்" என்கிறாள். ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள் அப்பா! நான் இருபது வருஷமாக அந்தக் கதையைக் கேட்கிறேன்.

கிரேக்கு வகுப்பில் மட்டும் நான் ராஜா. இங்கே உள்ள பிள்ளைகள் வேற்றுமை உருபைப் பார்த்தாலே திணறுகிறார்கள். நமக்கு ஐ, ஆல், கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விளி வேற்றுமைகூட இருக்கிறது! போன மாதம் மாற்கு 4:38 வந்தது. படகில் புயல், இயேசு படகின் பின்பக்கத்தில் தூங்குகிறார், சீஷர்கள் எழுப்புகிறார்கள். நம் பழைய தமிழ் வேதத்தில் "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று இருக்கும். இதைச் சொன்னேன். தமிழில் 'நாம்' என்றால் கேட்கிறவரையும் சேர்த்து, 'நாங்கள்' என்றால் அவரை விட்டுவிட்டு என்று விளக்கினேன். ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியானால் உங்கள் வேதத்தில் இயேசு முங்கமாட்டாரா?" என்றார். வகுப்பு முழுவதும் அதே பேச்சு. பயத்தில் கத்துகிறவன் 'நாம்' என்றுதானே சொல்வான், படகு கவிழ்ந்தால் அவரும்தானே போவார் என்று ஒருத்தி. இல்லை, அவருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததால்தான் அவர்மேல் கோபம் என்று இன்னொருத்தன்.

அறைக்கு வந்தபிறகுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. கிரேக்கில் அந்த இடத்தில் 'நாங்கள்' என்ற சொல்லே கிடையாது. வினையின் விகுதியிலேயே அது அடங்கியிருக்கிறது. தமிழிலும் 'மடிகிறோம்' என்று ஓம் விகுதியோடு விட்டிருந்தால் நாமா, நாங்களா என்று தெரியாமலே போயிருக்கும், மூலத்தில் இருப்பதுபோலவே. மொழிபெயர்த்தவர்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சடித்ததிலிருந்து எத்தனை பேர் இந்தத் தமிழை உருட்டியிருப்பார்கள்! நம் பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் ஐயரும் அதில் ஒருவர். அவர்களும் இப்படி ஒரு வார்த்தைக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று இங்கே வந்துதான் எனக்கு உறைத்தது.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். 1 யோவான் 5:7, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்". ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டிக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்து, அதை ஒப்பித்து நான் டிபன் பாக்ஸ் வாங்கினேனே, அந்த வசனம். திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை, நேராகச் சொல்கிற வசனம். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. லத்தீன் பக்கத்திலிருந்து வந்தது. எராஸ்மஸ் என்கிற டச்சு அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516இலும் 1519இலும் அச்சடித்தபோது அதைச் சேர்க்கவில்லை, பலர் சண்டைக்கு வந்த பிறகு 1522இல் சேர்த்தார். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு, நம் வேதத்துக்கு. இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமா சொன்னதுதான் நடக்கிறதோ என்று நினைத்தேன்.

மறுநாள் ஆசிரியரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டினோப்பிளிலும் சபைத் தலைவர்கள் கூடி திரித்துவத்தைப் பற்றி அவ்வளவு வாதாடினார்களே, அந்தக் காலத்துக் கிரேக்கச் சபைப் பிதாக்கள் ஒருவரும் இந்த வசனத்தை எடுத்துக் காட்டியதில்லை, அது இல்லாமலே எழுந்து நின்ற விசுவாசம் இது என்றார். நற்கருணை ஆராதனையில் நாம் சொல்கிற விசுவாசப்பிரமாணம் அதிலிருந்து வந்ததுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. திரித்துவ ஞாயிறுக்கு எந்த வசனம் எடுக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? ஆனாலும் "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று வருகிற மத்தேயு 28:19 எடுத்தால் நல்லது.

மற்றபடி, வகுப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக்கூடாது என்பது விசா சட்டம். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவுகிறேன், அம்மா அழ வேண்டாம். பனி முழங்கால்வரை கிடக்கிறது. போன ஞாயிறு ஒரு கோயிலில் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் குடும்பத்துக்கு எப்போது சுவிசேஷம் கிடைத்தது என்று ரொம்பப் பாசமாகக் கேட்டார்கள். குளோரிந்தா அம்மாள் பாளையங்கோட்டையில் கட்டின கோயில் 1785இல் பிரதிஷ்டை ஆயிற்று, உங்கள் இல்லினாய் மாநிலமாக ஆனதே 1818இல்தான் என்றேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது.

ஒரு உதவி வேண்டும் அப்பா. மணப்பாட்டில் உங்கள் சிநேகிதர் ஒருவர் கடலுக்குப் போவாரே, அவரிடம் கேளுங்கள். காற்றில் வள்ளம் முங்கப்போகும்போது உள்ளே தூங்குகிறவனை எழுப்ப என்ன சொல்லிக் கத்துவார்கள்? நாமா, நாங்களா, இல்லை ரெண்டும் இல்லாமல் "செத்தோம்ல" என்று மட்டுமா? வகுப்பில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்