சேமக்காலைத் திறப்பு வைச்சிருக்கிற பெரியவைக்கு

மதிப்புக்குரிய பங்குச்சபைக்கு,

போன செவ்வாய்க்கிழமை சேமக்காலை, அதுதான் உங்கட கோயில் மயானத்துக் கேற்றடியில நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் நிண்டனீங்கள்தானே. நீங்கள் கேற்றைத் திறக்கேல்லை, அம்மான்ர பெட்டியை நிலத்தில இறக்கி வைச்சு ரெண்டு மணித்தியாலம். மாலையெல்லாம் வாடிப்போச்சு, தங்கச்சி தன்ர குடையைப் பெட்டிக்கு மேல பிடிச்சுக்கொண்டு நிண்டவ, செத்த ஆளுக்கு வெயில் சுடுமோ பிள்ளை எண்டு ஒருத்தர் கேட்டவர், அவரும் உங்கட ஆள்தான். உள்ளுக்க அப்பாவுக்குப் பக்கத்தில விடியவே வெட்டின குழி ஆவெண்டு கிடக்க, அம்மாவைக் கொண்டுபோய் பிரதேச சபை மயானத்தில தாட்டம்.

அவ உங்கட ஆர்.சி (ரோமன் கத்தோலிக்கம்) இல்லை, சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) எண்டது காரணமாம். ஓம், மானிப்பாயில அமெரிக்கன் மிசன் குடும்பத்தில பிறந்து அங்கயே ஞானஸ்நானம் எடுத்தவ, அப்பாவைக் கட்டினாப்பிறகும் மாறேல்லை. ஆனா முப்பது வருசம் பெருநாளுக்குப் பெருநாள் பீடத்துணி தோய்ச்சு, கஞ்சி போட்டு, அயன் பண்ணித் தந்தவ. அது ஆர்.சி கஞ்சியோ சி.எஸ்.ஐ கஞ்சியோ எண்டு ஒருநாளும் நீங்கள் கேட்கேல்லையே.

புருசன் பெண்சாதியை ஒரே இடத்தில அடக்க விடுங்கோ. இவ்வளவுதான் கேட்டது. பூசை கூடக் கேட்கேல்லை, எங்கட போதகர் வந்தவர். 1983இல வந்த உங்கட திருச்சபைச் சட்டத்தில 1183ஆம் பிரிவை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, தங்கட போதகர் கிடைக்காத நேரம் மற்றச் சபையில ஞானஸ்நானம் எடுத்தவைக்கும் ஆயர் சம்மதிச்சா அடக்கச் சடங்கே செய்யலாமாம். எங்களுக்கு வேண்டினது ஆறடி நிலம்.

தை 18இல இருந்து 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம், ஃபாதர்மாரும் போதகர்மாரும் ஒரே மேடையில செபிக்கினம், முடிய ரீயும் பற்றீசும். அம்மா மாசம் பாத்துச் சாகேல்லை, பிழைதான். 1995 ஆடி 9 உங்கட நவாலிக் கத்தோலிக்கக் கோயில்ல விமானக் குண்டு விழேக்கை உள்ளுக்க ஒதுங்கியிருந்த சனம் எல்லாம் ஆர்.சியோ?

அம்மான்ர பக்கமும் திறமில்லை, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினவ எண்டு செத்தவீட்டில வைச்சே குசுகுசுத்தவை. அவைக்கு வேற கடிதம் எழுதுறன்.

சரி, கோவத்தில எங்கயோ போயிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்கட ஊரில இப்பிடிக் கலந்து கட்டின வீடுகள் இன்னும் கன இருக்கு. அவையளையாவது கேற்றடியில வைச்சுப் பிரிக்காதேங்கோ. அடுத்த கூட்டத்தில முடிவெடுத்து, புருசன் பெண்சாதியை ஒரே இடத்தில அடக்கலாம் எண்டு எழுத்தில தாங்கோ, தயவுசெய்து.

அண்டைக்கு வெட்டின குழிக்குக் கூலி நாங்களே குடுத்திட்டம், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அவவின்ர மூத்த மகன்