தண்ணீர்மலைக்குக் கேமராவை அழைத்து வரும் தம்பி தங்கைகளுக்கு

வணக்கம்.

நாடு நாடாகப் போய்ச் சடங்குகளைப் படமெடுக்கும் சாகசப் படக்குழுக்கள் தைப்பூசத்துக்கு மலேசியாவின் பினாங்குக்கு, முருகன் கோயில் இருக்கும் இந்தத் தண்ணீர்மலைக்கு வந்தால் முதலில் தேடுவது உங்களைத்தான். வேன் பிடிப்பது, காவடி எடுப்பவரிடம் பேசி வைப்பது, அவர் சொன்னதை மொழிபெயர்ப்பது எல்லாம் உங்கள் கையில். கேமரா எங்கே நிற்கும், விளக்கவுரையில் எந்தச் சொல் வரும் என்பதும் பெரும்பாலும் உங்களால்தான் முடிவாகிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

குழு ஒரு நாளுக்கு மட்டும் அறை போட்டால் அங்கேயே படம் பாதி கெட்டது. இங்கே தைப்பூசம் மூன்று நாள். முதல் நாள் விடியலில் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் முருகனை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக்குப் புறப்படும். 1894இல் வந்த ரதம் அது. 2017 முதல் வேல் ஏந்திய தங்க ரதமும் உண்டு. மறுநாள் காவடிகள். மூன்றாம் நாள் இரவு முருகன் ரதத்தில் கோயில் வீட்டுக்குத் திரும்புகிறார். இரண்டாம் நாள் காலையில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கன்னத்தில் ஏறும் வேல் மட்டுமே கண்ணில் படும். 48 நாள் விரதத்தின் கடைசி வாரத்துக்காவது வரச் சொல்லுங்கள். தனியாக எடுத்து வைத்த பாத்திரம், தரையில் விரித்த பாய், காவடிக்கு மயிலிறகு கட்டும் இரவு, இதெல்லாம் படத்தில் இருந்தால்தான் அந்த வேலுக்குப் பொருள் வரும்.

ரதத்துக்கு முன்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். சிதறுதேங்காய் உடைக்கும்போது ஓடு கல்லைப் போலத் தெறிக்கும். லென்ஸ் போனால் வாங்கிக்கொள்ளலாம், கண் போனால் வராது. தேங்காய்த் தண்ணீர் ஓடும் தார் ரோட்டில் பின்னோக்கி நடந்தபடி எடுப்பவர் கட்டாயம் வழுக்குவார். உடைப்பவரின் முதுகுக்குப் பின்னால், ஓரமாக நிற்க வையுங்கள். வரிசையில் நின்று தேங்காய் உடைக்கும் சீனக் குடும்பமும் எதிரே மெல்ல வரும் வெள்ளி ரதமும் ஒரே காட்சியில் கிடைக்கும்.

அலகு குத்தும் இடத்தில் மிகுந்த கவனம் தேவை. குளித்து, திருநீறு பூசி, சாம்பிராணிப் புகையில் கண் மூடி நிற்பவரைச் சுற்றி உறுமி மேளத்தின் ஒலி ஏறிக்கொண்டே போகும். அருள் வந்த பிறகே அலகு. அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே எல்இடி விளக்கைப் போட்டால் அவர் கலைந்துவிடுவார். பேட்டி தெளிவாகக் கேட்க வேண்டும் என்று உறுமியை நிறுத்தச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. அவரைத் தாங்கி நிற்பதே அந்த ஒலிதான். இரண்டு மீட்டர் தள்ளி, நீள லென்ஸில் எடுக்கட்டும். காவடியோடு சுழலும்போது கம்பிகள் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

'இன்னொரு முறை செய்து காட்டுங்கள்' என்ற பேச்சே கூடாது. 1922இல் வந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' என்ற ஆவணப்படத்துக்காக, வெளிச்சம் போதவில்லை என்று பனிவீட்டைப் பாதியாகக் கட்டி எடுத்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த கனடாவின் இனுயிட் மக்களைப் பழைய ஈட்டியால் வேட்டையாட வைத்தார்கள். நூறாண்டு கடந்தும் அந்தப் படத்தோடு இந்தக் குறையும் சேர்ந்தே பேசப்படுகிறது. 2006இல் வந்த ஆஸ்திரேலியப் படம் 'டென் கனூஸ்' வேறு வழியில் போனது. யார் எந்தப் பாத்திரம் என்பதில் ராமிஞ்சினிங் ஊர்ப் பழங்குடி மக்களின் உறவுமுறைக்கே முதலிடம். மரப்பட்டைத் தோணிகளை அவர்களே செய்தார்கள், பேச்சும் அவர்கள் மொழியிலேயே. நம் படங்களுக்கு நாம் கேட்க வேண்டியதும் அதுதான்.

ஒலிப்பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுமிக்கு வழக்கமான மைனஸ் 12 டெசிபல் அளவு சரிவராது, மைனஸ் 20க்கு இறக்குங்கள். அதே ஒலியை இன்னொரு தடத்தில் அதற்கும் குறைந்த அளவில் பதியுங்கள். தண்ணீர்ப் பந்தல்களில் ஓடும் பாட்டுகள் பேட்டியில் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது, உரிமைப் பிரச்சினையும் வரும். பேட்டியை முந்தின நாளே வீட்டில் எடுத்துவிடுங்கள். விடியற்காலைப் படப்பிடிப்பென்றால் குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை அரைமணி நேரம் முன்பே வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸில் ஆவி படியும்.

மொழிபெயர்க்கும்போது அவசரப்படாதீர்கள். 'அருள் வந்தது' என்றால் நினைவு தப்பியது என்று பொருளல்ல. நேர்த்திக்கடன் உடம்புக்குக் கொடுக்கும் தண்டனையும் அல்ல. பிள்ளைக்கு நோய் தீர்ந்தால் எடுக்கிறேன் என்று கொடுத்த வாக்கு, தீர்ந்தபின் செலுத்தும் கடன். இணையான சொல் கிடைக்காவிட்டால் தமிழ்ச் சொல்லையே அப்படியே வைத்து ஒரு வரி விளக்கம் கொடுங்கள். விளக்கவுரை இறுதியாகும் முன் வாங்கிப் படியுங்கள், முன்பணம் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

இன்னொன்று. மலைக்கோயிலுக்கு 513 படி. மேலே பால் செலுத்தி, அலகை எடுத்து, திருநீற்றை அழுத்தி வைத்த பிறகு அந்த முகத்தில் வரும் அமைதியை எடுக்கப் பெரும்பாலும் கேமரா இருப்பதில்லை, பேட்டரி தீர்ந்து கீழேயே நின்றிருக்கும். காலையிலேயே இரண்டு பேட்டரியை மேலே கொண்டுபோய் வையுங்கள்.

அன்புடன்,
பினாங்கில் காவடி கட்டுபவர்களும் ஒலிப்பதிவு செய்பவர்களும்