சேரும் முகத்தை முதலில் வரை

அன்புள்ள கயல்,

ஒரே துண்டாகச் செய்துவிடக்கூடிய பிஸ்டனை எதற்கு இரண்டு துண்டாகச் செய்து, மறுபடி போல்ட் போட்டுச் சேர்க்கிறார்கள் என்று போனில் கேட்டாய். பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அப்பாவால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கும் மீட்டிங். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை, அதனால் எழுதுகிறேன். புனே போய்ச் சேர்ந்ததும் உன் கைக்கு வந்த முதல் வேலையே இரண்டு துண்டு பிஸ்டன் என்று கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆயுசில் பாதியை பிஸ்டன் இன்ஸ்பெக்ஷனில் கழித்தவள் நான். இதைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் என்ஜின் பிஸ்டனைச் சொல்கிறேன். உன் வேலை ஹைட்ராலிக் சிலிண்டருக்கானது என்றாலும், பிரிப்பதற்கான காரணம் என்ஜினில்தான் பளிச்சென்று தெரியும். பிஸ்டனின் தலைக்கும் இடுப்புக்கும் வேலை வேறு வேறு. தலை, அதாவது கிரவுன், நேராகத் தீயைப் பார்க்கிறது. வெடிப்பின் அழுத்தத்தை வாங்குகிறது, சந்தை அடைக்கும் வளையங்களில் மேலே இருக்கும் மேல் ரிங்கைச் சுமக்கிறது. கீழே இருக்கும் ஸ்கர்ட், சிலிண்டரின் உள்சுவரான லைனரை ஒட்டி ஓடி பிஸ்டனை நேராக வைத்திருக்கிறது, கனெக்டிங் ராட் பக்கவாட்டில் தள்ளும் தள்ளலைத் தாங்குகிறது. தலைக்கு வேண்டியது சூட்டில் தளராத உலோகம். ஸ்கர்ட்டுக்கு வேண்டியது எடை குறைந்த, உரசினாலும் பிடித்துக்கொள்ளாத உலோகம். அலுமினியத்தின் எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான், சூட்டையும் வேகமாகக் கடத்திவிடும். ஆனால் 250, 300 டிகிரியைத் தாண்டினால் அதன் பலம் வேகமாகக் குறையும். மேல் ரிங் உட்காரும் பள்ளம் அகன்று போவது அலுமினிய பிஸ்டனின் பழைய நோய். அதற்காகவே அந்த இடத்தில் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்றை வைத்து, அதைச் சுற்றி அலுமினியத்தை ஊற்றுவார்கள். என் மேஜைக்கு வந்த டீசல் பிஸ்டன்களில் அந்த வளையம் அலுமினியத்தோடு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலையாகவே இருந்தது. பார்ப்பதற்கு ஒரே துண்டு மாதிரி இருக்கும் பிஸ்டனுக்குள்ளேயும் இன்னொரு துண்டு இருக்கிறது, பார்.

விரிவதையும் கணக்குப் போட்டுப் பார். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியம் 200 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.42 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு ஸ்டீல் 0.24தான். லைனரோ இரும்பு, அதுவும் தண்ணீர் சூழ்ந்து குளிர்ச்சியாக இருப்பது. அதனால்தான் பிஸ்டனை உருளையாகச் செய்வதே கிடையாது. மேலே கொஞ்சம் ஒல்லி, கீழே கொஞ்சம் பருமன். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் ‘பின்’ போகும் திசையில் அளவு குறைவு, அதற்குக் குறுக்கே அதிகம். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "அக்கா, இது ரவுண்டாவே இல்லையே, ரிஜெக்டா?" என்பார்கள். ஓடும்போது உருண்டையாகட்டும் என்றுதான் குளிரில் முட்டையாகக் கடைகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுக்க எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

சரி, பெரிய என்ஜினுக்கு வருகிறேன். தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டில் உன் பெரிய மாமா ஃபிட்டராக இருந்தபோது ஆல்கோ டீசல் ரயில் என்ஜின்களைப் பற்றி வீட்டில் வந்து கதை கதையாகச் சொல்வாரே, ஞாபகம் இருக்கும். அந்த என்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 9 அங்குலம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், பத்தரை அங்குலம். 16 சிலிண்டர். டபிள்யூ.டி.எம்-2 வண்டியில் 2600 குதிரைத்திறன். பிறகு அதே போரில் 3100 குதிரைத்திறன் எடுத்தார்கள். அப்படி ஏற்றியபோது முழு அலுமினிய பிஸ்டனை விட்டு, ஸ்டீல் கேப் பிஸ்டனுக்குப் போனார்கள். மேலே ஸ்டீல் தொப்பி, கீழே அலுமினியம். கப்பல் என்ஜின்களிலும் இதே யோசனைதான். நம் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களின் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிரவுன் ஒரு வகை ஸ்டீல், ஸ்கர்ட் வார்ப்பிரும்பு.

அந்த 9 அங்குலத் தலையின் பரப்பு சுமார் 410 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 120 பார் (bar) என்று வைத்துக்கொண்டால் தலையில் இறங்கும் சுமை 50 டன். இதைக் கேட்டால் எல்லாரும் போல்ட்தான் 50 டன்னைத் தாங்குகிறது என்று நினைப்பார்கள். அது தவறு. வெடிப்பு கிரவுனை ஸ்கர்ட்டின் மேல் அழுத்துகிறது, போல்ட்டை இழுப்பதில்லை. அந்தச் சுமையை வாங்குவது இரண்டும் தொடும் முகம். போல்ட்டுக்குச் சோதனை வேறொரு நேரத்தில் வருகிறது. புகையை வெளியே தள்ளிவிட்டு பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது மேலே அழுத்தமே இருக்காது. கீழே இழுக்கப்படும் பிஸ்டனின் தலை மேலேயே போகப் பார்க்கும். நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஒவ்வொரு கிலோ எடையும் 180 கிலோவுக்கு மேல் இழுக்கும். நிமிடத்துக்கு 500 தடவை இது நடக்கிறது. இந்த இழுப்பைவிடப் பல மடங்கு அதிகமாக போல்ட்டை முன்னதாகவே இழுத்துப் பூட்டியிருந்தால் இரண்டு முகமும் எப்போதும் விலகாது. விலகவில்லை என்றால், திரும்பத் திரும்ப இழுபட்டுக் களைத்துப்போகும் அலுப்பு போல்ட்டுக்கு வராது. விலகியது என்றால் கொஞ்ச நாளில் போல்ட் அறுந்துவிடும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான், கயல். துண்டாக்குவது சுலபம். நல்ல உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதும் புத்தகம் பார்த்துச் செய்யக்கூடியதுதான். துண்டாக்கியதால் மிச்சமான கஷ்டமெல்லாம் அந்தச் சேரும் முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் நீ வரையும்போது வெளி உருவத்தை வரைந்துவிட்டுக் கடைசியில் "இங்கே போல்ட்" என்று போடாதே. முகத்தை முதலில் வரை. எங்கே தொடுகிறது, எவ்வளவு அகலத்துக்குத் தொடுகிறது, சூடானால் எந்தப் பக்கம் தூக்கும், எந்தப் பக்கம் அழுந்தும் என்று முடிவு செய்த பிறகு மற்றதை அதைச் சுற்றிக் கட்டு. சில கிரவுன்களில் உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டு தொடும் வளையங்கள் உண்டு. குளிரில் வெளிவட்டத்தில் மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். தலை சூடாகி வளைந்த பிறகுதான் இரண்டும் சுமையைப் பங்கிடும். அந்த இடைவெளி சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மாறினாலும் சுமை ஒரு பக்கமே போய்விடும்.

இறுக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறுக்கும் முறுக்கை, அதாவது டார்க்கை, காட்டும் டார்க் ரெஞ்சில் எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பாதே. கொடுக்கும் டார்க்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மிச்சமெல்லாம் மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உரசலாகவே போகிறது. எண்ணெய் தடவியதும் தடவாததும் ஒன்றல்ல. அதனால்தான் குறைந்த டார்க்கில் உட்காரவைத்து, அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்பு என்று வரைபடத்தில் எழுதுகிறார்கள். போல்ட் நீளமாக இருக்கட்டும். நீள போல்ட் ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபட்டு நிற்கும், முகம் சிறிது தேய்ந்தாலும் பிடி முழுதாகப் போய்விடாது. குட்டை போல்ட் அப்படி மன்னிக்காது. அலுமினியத்தின் மேல் நேராக போல்ட் தலை உட்காரவும் கூடாது. சூட்டில் அலுமினியம் ஸ்டீல் போல்ட்டைவிட அதிகம் விரிந்து, தலைக்கு அடியில் அமுங்கி, குளிர்ந்ததும் பிடி தளரும். நடுவில் கெட்டியான ஸ்டீல் வாஷராவது வேண்டும்.

போல்ட்டே இல்லாமலும் சேர்க்கிறார்கள். ஸ்டீல் தலையும் அலுமினிய ஸ்கர்ட்டும் ஒரே பின்னில் தனித்தனியாகத் தொங்குவது ஒரு முறை, பெரிய லாரி என்ஜின்களில் ஒரு காலம் நன்றாக ஓடியது. இப்போது இரண்டு ஸ்டீல் துண்டுகளைச் சுழற்றி அழுத்தி உரசல் சூட்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். நடுவில் எண்ணெய் சுற்றும் வெற்றிடம் தானாகவே மூடிக்கொள்கிறது. ஸ்டீல் சூட்டைக் கடத்துவது அலுமினியத்தைவிட ரொம்பக் குறைவு, ஆகவே அந்த எண்ணெய் இல்லாமல் ஸ்டீல் பிஸ்டன் பிழைக்காது. உனக்கு இப்போதைக்கு இது போதும்.

இனி உன் வேலை. ஹைட்ராலிக் பிஸ்டனில் தீ இல்லை, அப்புறம் ஏன் துண்டாக்குகிறார்கள்? சீலுக்காக, அதாவது எண்ணெய் மறுபக்கம் போகாமல் அடைக்கும் வளையத்துக்காக. வெட்டு இல்லாத, கெட்டியான சீலை மூடிய பள்ளத்துக்குள் இழுத்துப் போட முடியாது. இழுத்தால் நிரந்தரமாக நீண்டுவிடும் அல்லது விளிம்பில் கீறிவிடும். பள்ளத்தின் ஒரு சுவரைத் தனித் துண்டாக்கிவிட்டால் சீலை அப்படியே வைத்து மூடிவிடலாம். நியாயமான காரணம். ஆனால் 100 மில்லிமீட்டர் போரில் 200 பார் என்றால் 16 டன், அதையும் மறக்காதே.

எண்ணூர் பக்கம் ஒரு யார்டிலிருந்து பளு தூக்கும் வண்டியின் சிலிண்டர் ஒன்று காலடிப்பேட்டை பட்டறைக்கு வந்தது. வேறு இடத்தில் மறுபடி மறுபடி சீல் மாற்றியும் சுமை தானாக இறங்குகிறது என்று கொண்டுவந்தார்கள். அப்பா பிரித்துப் பார்த்தார். சீல் புத்தம் புதிது, சிலிண்டர் டியூபில் கோடு இல்லை. அவர் பிஸ்டனை என்னிடம் கொடுத்து "நீ பார்" என்றார். சேரும் முகத்தில், தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம் தடவி, துல்லியமாக மட்டமான சரிப்பலகையில் வைத்துப் பார்த்தேன். நீலம் ஒரு பக்கம் மட்டும் பட்டது, எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை. விளிம்பில் ஒரு பிசிறு தூக்கிக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியம், ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரு பாதியில் மட்டும்தான் இருந்தது. எண்ணெய் எப்படிப் போயிருக்கும், யோசி. அந்த ஓ-ரிங் இருக்கும் பக்கத்திலிருந்து சீல் பள்ளத்துக்குள் இறங்கும், பள்ளத்தின் அடியிலிருந்து சேரும் முகத்தின் சந்தில் நுழையும், ஓ-ரிங் இல்லாத பாதியின் துளை வழியாக மறுபக்கம் போய்விடும். சீல் மேல் ஒரு பழியும் இல்லை. இரண்டு முகத்தையும் மட்டமாகக் கடைந்து, அதாவது ஃபேசிங் எடுத்து, இரண்டாவது பாதியிலும் ஓ-ரிங் பள்ளம் வெட்டி, விளிம்புக்கெல்லாம் சாம்ஃபர் கொடுத்து, அதாவது கூர் போகச் சரிவாகக் கடைந்து, அனுப்பினோம். அதன் பிறகு சுமை இறங்கவில்லை.

உன் வரைபடத்தில் நான் தேடப்போவது இவற்றைத்தான். பிரியும் கோடு பள்ளத்தின் அடியில் நடுவே வரக் கூடாது, சுவரோரமாக மூலையில் வரட்டும். நடுவில் வந்தால் இரண்டு பாதிக்கும் இடையிலான சின்னப் படியே சீலை அறுக்கும். இரண்டு பாதியும் ஒரே மையத்தில் உட்கார ஒரு ஸ்பிகாட், அதாவது ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் வட்ட விளிம்பு, வேண்டும், மரையை நம்பி மையம் பிடிக்காதே. வெளி விட்டத்தின் கடைசிக் கடைசலைப் பூட்டிய பிறகு எடுக்கச் சொல். அப்படி எடுத்தால் அந்த இரண்டும் ஜோடி. ஒரே எண்ணை இரண்டிலும் பஞ்ச் செய்ய வரைபடத்திலேயே இடம் காட்டு. பட்டறையில் நாலு பிஸ்டனை ஒன்றாகக் கழற்றி டீசலில் கழுவிப் போடும்போது எந்தத் தலை எந்த உடம்புக்கு என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம், திறக்கிறவரை நினை. இங்கே கடல் காற்றில் எல்லாமே துருவேறி இறுகிப்போகிறது. இரண்டு முளை உள்ள ‘பின் ஸ்பேனர்’ மாட்ட இரண்டு துளையும், பாதிகளை விலக்க மரை போட்ட இரண்டு துளையும் இல்லாத பிஸ்டனை உளி வைத்துத்தான் அடிக்கிறார்கள். அந்த அடி நேராக நீ கவனமாகச் செய்யச் சொன்ன சேரும் முகத்தில்தான் விழும். நாலு துளைக்கு ஆகும் செலவைப் பார்த்து உன் மேலாளர் வேண்டாம் என்றால், உளி பட்ட முகத்தின் படத்தை அப்பா எடுத்து அனுப்புவார், காட்டு. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே.

வரைபடத்தை வெளியே அனுப்ப உங்கள் ஆபீசில் அனுமதி இல்லை என்றால் வேண்டாம். கையால் ஒரு குறுக்குவெட்டுத் தோற்றம் கிறுக்கி, அளவு போடாமல் அனுப்பு, எனக்கு அது போதும். ஓ-ரிங் எந்தெந்தப் பாதியில் வைத்திருக்கிறாய் என்று மட்டும் தெளிவாகக் காட்டு. ராட் முனையில் நட் வைக்கிறாயா, பிஸ்டனிலேயே மரையா என்று அப்பா கேட்கச் சொன்னார். நட் என்றால் அது திரும்பாமல் இருக்க என்ன செய்திருக்கிறாய் என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை மூடியிருக்கும், சத்தம் இருக்காது. அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா