மாறுவேடத்துக்குத் துணி வாங்க வருமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரில் இன நல்லிணக்க நாளான ஜூலை 21 நெருங்க நெருங்க எங்கள் கவுண்டரில் ஒரே பேச்சுதான்: "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போடணும், என்ன இருக்கு?" அது முடிந்தால் அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை சிறுவர் தினம், அதையொட்டித் தீபாவளி. ஏப்ரலில் தமிழ்மொழி மாதம் பிறந்துவிட்டால் பாரதியாரும் ஔவையாரும் கட்டபொம்மனும் கடை வாசலில் வரிசை கட்டுவார்கள். இரண்டு மணி நேரம் போடப்போகும் உடைக்கு 60, 70 வெள்ளி கொடுப்பது ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதைதான். துணி விற்பவர்கள் சொல்லக்கூடாத வார்த்தை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம்.

வேடம் கலைவது மூன்று இடங்களில்: தலை, இடுப்பு, முகவாய். கிரீடம் சரியும், வேட்டி அவிழும், தாடி தொங்கும். காசைப் போட வேண்டியது அங்கே. மற்றதில் பெரும்பகுதி உங்கள் வீட்டு அலமாரியிலேயே மடித்துக் கிடக்கிறது.

முதலில் அளவு. "ஏழு வயசுப் பையன்" என்று சொன்னால் எங்களால் துணி கிழிக்க முடியாது. நான்கு அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்: தலைச்சுற்று, இடுப்புச்சுற்று, இடுப்பிலிருந்து கணுக்கால், தோளிலிருந்து இடுப்பு. தலைச்சுற்றைப் புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, காதுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி எடுக்க வேண்டும். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 51 முதல் 53 செ.மீ. வரும். ஆண்டாள் வேடத்துக்குக் கொண்டை போடுவதாக இருந்தால், கொண்டை போட்ட பிறகு அளந்து பாருங்கள். விரித்த தலைக்கு அளந்த கிரீடம் கொண்டைமேல் உட்காராது.

இனி வேட்டி. சின்ன வேட்டி தனியாக வாங்க வேண்டியதில்லை. அப்பாவின் நாலு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம் இருக்கும். அதை நீளவாக்கில் சரிபாதியாகக் கத்தரித்தால் 63 செ.மீ. அகலத்தில் இரண்டு வேட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் கரை முழுதாக நிற்கும். கரையைக் கீழே விட்டு, வெட்டிய ஓரத்தை இடுப்புக்குக் கொண்டுபோய்விட்டால் அது வெளியே தெரியாது, ஒரு செ.மீ. மடித்து ஓட்டுத்தையல் போட்டால் போதும். 110, 115 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இது கச்சிதம். இன்னும் உயரமென்றால் பாதியாக வெட்டாமல், வேண்டிய அகலத்துக்குக் கரைப்பக்கத்திலிருந்து அளந்து வெட்டுங்கள். ஒரு வேட்டிதான் கிடைக்கும், அவ்வளவுதான்.

கட்டிவிட்ட வேட்டி ஐந்து நிமிடம் நிற்காது. பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு எடுப்பாக இருக்காது, துணி பிடித்து நிற்க இடமில்லை. அதனால் எலாஸ்டிக் இடுப்புள்ள பழைய கால்சட்டை ஒன்றை எடுத்து, வேட்டியின் உள்சுற்றை அதன் இடுப்பில் முதுகுப்பக்கமும் இரு விலாப்பக்கமும் ஆக மூன்று இடத்தில் தைத்துவிடுங்கள். எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கால்சட்டையைக் கழற்றும்போது நூல் அறுந்துபோகும். வெளிச்சுற்றுக்கு 10 செ.மீ. வெல்க்ரோ. சொரசொரப்பான பக்கம் உள்சுற்றின்மேல் வெளியே பார்த்தபடி, மெத்தென்ற பக்கம் வெளிச்சுற்றின் அடியில். மாற்றித் தைத்தால் முள் பிள்ளையின் வயிற்றில் உரசும், சரிகையையும் இழுக்கும். பின்பக்கம் பசை தடவிய வெல்க்ரோ துணியில் நிற்காது; தைக்கும் வெல்க்ரோ என்று கேட்டு வாங்குங்கள். இப்படிச் செய்தால் பிள்ளை தானே கழிப்பறைக்குப் போய் வரலாம், ஆசிரியரை வேட்டி கட்டிவிடச் சொல்ல வேண்டியதில்லை.

பாவாடைக்கு அம்மாவின் பழைய சேலை. முந்தானையைத் தொடாதீர்கள், அது வேறு வேடத்துக்கு மேலாக்காக ஆகும். மறுமுனையிலிருந்து 2.2 மீட்டர் நீளம் எடுத்து, கீழ்க்கரையிலிருந்து மேலே 75 செ.மீ. அளந்து வெட்டுங்கள். மேலே 4 செ.மீ. மடித்து எலாஸ்டிக் நுழைக்க வழி விட்டுத் தைத்தால் 71 செ.மீ. பாவாடை, 120 செ.மீ. உயரப் பிள்ளைக்குக் கணுக்கால் வரை வரும். எலாஸ்டிக் நீளம் இடுப்புச்சுற்றைவிட 5 செ.மீ. குறைவாக இருக்கட்டும். சேலை கனத்த பட்டாக இருந்தால் 2.2 மீட்டர் வேண்டாம், 1.8 போதும். கூடுதலாக எடுத்தால் இடுப்பில் பொதி கட்டியதுபோல் உப்பிக்கொள்ளும். வெட்டும் முன் ஒரு சோதனை: நெடுநாள் மடித்து வைத்த பட்டு மடிப்பில்தான் இற்றிருக்கும். மடிப்பின் இருபுறமும் பிடித்து லேசாக இழுங்கள். மளுக்கென்று கீறினால் அந்தச் சேலையை விட்டுவிடுங்கள், எந்தத் தையலும் அதைக் காப்பாற்றாது.

பாரதியாரின் தலைப்பாகை நேரடியாகத் தலையில் கட்டப்பட்டால் மேடைக்குப் போவதற்குள் நெற்றியில் இறங்கும். தொப்பிபோல் எடுத்து மாட்டும்படி செய்துவிடுங்கள். சமையலறையில் வெளிவிட்டம் 17 செ.மீ. உள்ள சட்டி ஒன்றைத் தேடுங்கள். அதன் சுற்று 53 செ.மீ.யை ஒட்டி வரும், 52 செ.மீ. தலைக்கு ஒரு விரல் இடைவெளியோடு சரியாக இருக்கும். சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் 25 செ.மீ. சதுரத் துணியைப் போடுங்கள்; இதுதான் உச்சியை மூடும். 2.5 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமுள்ள மெல்லிய பருத்தித் துணியை நீளவாக்கில் 12 செ.மீ. பட்டையாக மடித்து, முன்பக்கம் குறுக்கே வரும்படி சுற்றிக்கொண்டே போய், கடைசியில் 35 செ.மீ. வாலை ஒரு பக்கம் தொங்கவிடுங்கள். துணி ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும் இடங்களில் எட்டுத் தையல், ஒவ்வொன்றும் சதுரத் துணியையும் சேர்த்துக் குத்திப் போக வேண்டும். பிறகு சட்டியிலிருந்து கழற்றலாம். பளபளவென்று இருக்கிறதே என்று சாட்டின் கேட்பவர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. அது அதன்மேலேயே வழுக்கும். 110 செ.மீ. அகலப் பருத்தியில் 2.5 மீட்டர் எடுத்து நீளவாக்கில் பிளந்தால் இரண்டு தலைப்பாகை. வகுப்பில் இன்னொரு பாரதியார் கட்டாயம் இருப்பார், பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

மீசைக்குக் கறுப்பு ஃபெல்ட் துணி கேட்கிறீர்கள். விற்கிறோம், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மேலுதடுதான் முதலில் வியர்க்கும். எந்த ஒட்டு நாடாவும் கால் மணி நேரத்தில் கைவிட்டுவிடும். புருவப் பென்சிலால் வரைந்து, மேலே கொஞ்சம் முகப்பவுடரைத் தட்டிவிடுவது மேல். வள்ளுவர் தாடிக்குப் பஞ்சை ஒட்டுவதும் அப்படித்தான். குறள் சொல்ல வாயைத் திறந்தால் பஞ்சு வாய்க்குள். வெள்ளைக் கம்பளி நூலில் 40 செ.மீ. துண்டுகள் 60 வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, மெல்லிய எலாஸ்டிக்கில் கண்ணி முடிச்சாகக் கோத்துவிடுங்கள். நடுவில் 14 செ.மீ. நிறைந்தால் போதும். சீப்பால் வாரினால் முறுக்குப் பிரிந்து தாடி புசுபுசுவென்று வரும். எலாஸ்டிக் கீழுதட்டுக்கு அடியில் போய் இரு காதிலும் மாட்டிக்கொள்ளும். ஒரு காதிலிருந்து மறுகாது வரை நூலால் அளந்து, அதில் 3 செ.மீ. குறைத்து எலாஸ்டிக்கை வெட்டுங்கள்.

கிரீடத்துக்குப் பெட்டி அட்டை போதும், காசு செலவில்லை. ஆனால் அட்டைக்குள் ஓடும் நெளிகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். படுக்கையாக ஓடினால் வளைக்கும்போது அட்டை ஒழுங்கில்லாமல் அங்கங்கே முறியும். 52 செ.மீ. தலைக்கு அட்டையை 42 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள்; மிச்சத்தைப் பின்பக்கம் 2.5 செ.மீ. அகல எலாஸ்டிக் பார்த்துக்கொள்ளும். எலாஸ்டிக்கை 12 செ.மீ. வெட்டி, இருமுனையிலும் 2 செ.மீ. அட்டையில் ஏற்றி ஸ்டேப்ளர் அடியுங்கள். ஊசிமுனை வெளிப்பக்கம் வர வேண்டும், அதன்மேல் டேப். நெற்றி படும் உள்பக்கத்தில் ஃபெல்ட் பட்டை ஒட்டினால் வியர்வையைக் குடிக்கும். உயரம் 18 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம், பிள்ளை குனிந்து வணக்கம் சொன்னால் முன்னால் கவிழும். தங்க வண்ணத்துக்கு நேராகத் தங்கத்தைப் பூசினால் பழுப்பு அட்டை தெரிந்துகொண்டே இருக்கும். முதலில் மஞ்சள் அக்ரிலிக் ஒரு பூச்சு, காய்ந்தபின் தங்கம் இரண்டு பூச்சு. வேன்கார்டு ஷீட் எனும் தடித்த தாள் தங்க நிறத்திலும் இருக்கிறது, ஆனால் மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். தெர்மோகோலில் கிரீடம் செய்பவர்கள் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்று குழி பறித்துவிடும்.

பசையில்தான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள். "என்றைக்கு வேணும்?" என்று நாங்கள் முதலில் கேட்பதும் இதனால்தான். வெள்ளைப் பசை அதிலுள்ள தண்ணீர் காற்றில் போனால்தான் இறுகும். இங்கே காற்றே ஈரமாக இருக்கிறது. மழை நாளில் மேலே காய்ந்ததுபோல் காட்டிவிட்டு உள்ளே வழவழவென்று இருக்கும். இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். தாள் சுருங்காமல் இருக்க மெல்லிதாகத் தடவி மேலே கனமான புத்தகம் வையுங்கள். துணிப்பசைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், அதற்குள் வியர்வை பட்டால் பிரியும்.

அவசரத்துக்குச் சூட்டுப்பசைத் துப்பாக்கிதான் கைகொடுக்கும். 7 மி.மீ. குச்சி போடும் சின்னது வீட்டுக்குப் போதும். அட்டை, ஃபெல்ட், பருத்தி ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். வழுவழுப்பான சாட்டின், ஜிகினாத் தாள், உலோகம் ஆகியவற்றில் பிடித்ததுபோல் இருந்து ஒரே உரியாக உரிந்து வரும். அங்கே ஊசிநூலை எடுங்கள். தெர்மோகோலையும் அது உருக்கும். ஒட்டிய கிரீடத்தை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கற்கள் ஒவ்வொன்றாக நழுவி இறங்கியிருக்கும். கையில் சூடு பட்டால் ஒட்டிய பசையைப் பிய்க்காமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியிலோ பஞ்சிலோ ஊற்றவே வேண்டாம். அது பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறிப் புகையும், தோலைச் சுடும். விரலில் பஞ்சுக் கையுறை மாட்டிக்கொண்டு சூப்பர் க்ளூவைத் தொடுவது இன்னும் மோசம். ஈரக்காற்றில் கண்ணாடிக் கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து விகாரமாகவும் தெரியும். குந்தன் கல்லுக்குத் துணிப்பசையே போதும், பொறுமைதான் வேண்டும்.

இன நல்லிணக்க நாளுக்குப் பக்கத்து வீட்டாரின் உடையைப் போட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு: மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் நேர்வெட்டு, வீட்டில் தைக்கலாம். சீன ச்சியோங்சாமை வீட்டில் முயல வேண்டாம். அந்த நின்ற கழுத்துப்பட்டை கைப்பழக்கம் இல்லாமல் சரியாக நிற்காது, இரவல் வாங்குங்கள். எதுவானாலும் அது அவர்கள் விசேஷத்துக்கு உடுத்தும் உடை. கண்ணை வரைவது, ஒட்டுமீசை வைப்பது எல்லாம் அதற்கு ஒத்துவராது.

தீபாவளிக் கைவேலைக்கு இரண்டு செய்தி. 30 × 20 செ.மீ. பச்சை ஃபெல்ட் ஒன்றில் 10 × 5 செ.மீ. மாவிலைகள் சரியாக 12 வரும். காம்புக்குக் காம்பு 8 செ.மீ. இடைவெளியில் 11 இலைகளைக் கோத்தால் 80 செ.மீ. தோரணம், 90 செ.மீ. கதவுக்கு இருபுறமும் 5 செ.மீ. மிஞ்சும். பன்னிரண்டாவது இலை, ஏதாவது ஒன்றைக் கோணலாக வெட்டிவிட்டால் ஈடுகட்ட. அகல்விளக்குக்கு வண்ணம் பூசுபவர்கள் முதலில் அதை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். மண் தண்ணீரைக் குடித்துவிட்டால் எண்ணெயை அதிகம் குடிக்காது. வெளிப்பக்கம் நன்றாக உலர்ந்த பிறகு அங்கே மட்டும் வண்ணம். உள்ளேயும், திரி படும் மூக்கிலும் பூசினால் கருகி நாறும். வலைத்துணி, பாலியஸ்டர் உடை போட்ட பிள்ளையை எரியும் விளக்குப் பக்கம் படம் எடுக்க நிறுத்த வேண்டாம். அந்தத் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். படத்துக்கு பேட்டரி விளக்கு போதும்.

எங்களிடம் இல்லாததை ஒளிக்கவில்லை. தைத்துத் தர ஆள் வேண்டுமென்றால் தேக்கா சென்டர் மாடியில் தையற்காரர்கள் இருக்கிறார்கள். வகைவகையான துணிக்கு அரபு ஸ்திரீட், ஓவியப் பொருள்களுக்கு பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ். கவுண்டருக்குக் கீழே இருக்கும் கூடையில் லேஸ், சரிகை, ஃபெல்ட் ஆகியவற்றின் வெட்டுத்துண்டுகள் கிடக்கும். கிரீடத்துக்கும் காப்புக்கும் அதுவே தாராளம். முதலில் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு முழுச் சுருளைக் கேளுங்கள். துணியை அரை மீட்டரிலிருந்து வெட்டித் தருகிறோம். வெட்டிய துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது, அதனால்தான் அளவுத்தாள் கேட்கிறோம். பிரிக்காத லேஸ், எலாஸ்டிக், பசை இருந்தால் ரசீதோடு கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

வேடத்துக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக வாருங்கள். கூட்டமில்லாத நேரம் வேண்டுமென்றால் வாரநாள் காலை.

அன்புடன்,
கடையினர்